பர்மிட் கல்யாணம்

கமலவேணிக்கு முதல் கல்யாணம் சர்க்கரைக்காக நடந்தது. இரண்டாவதும் சர்க்கரைக்காகத்தான். மூன்றாவதாக ஒன்று, சர்க்கரைக்காக இல்லாமல் அவளுக்காகவே நடக்க வேண்டியது, பாக்கி இருந்தது. அவள் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான்.

கேட்கிறவர்கள் அவளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த பெண், தெருவில் தலை நிமிர்ந்து நடக்காத பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தப்பெல்லாம் அந்தக் காலத்துடையது. பங்களாதேஷ் சண்டை முடிந்ததிலிருந்து நாட்டில் எந்தச் சாமானும் அதன் இஷ்டத்துக்குக் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு கண்ட்ரோல், சிமெண்டுக்கு கண்ட்ரோல், மல் துணிக்குக்கூட கண்ட்ரோல். சர்க்கரைக்கு மட்டும் இரண்டு விலை. ரேஷன் கடையில் சர்க்கார் விலை, ஆனால் கார்டுக்குக் கொடுப்பது ஒரு வாரத்து டீக்கே காணாது. வெளிக்கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், அந்த விலையைக் கேட்டால் வந்தவழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

கல்யாண வீட்டுக்காரர்கள்மேல் மட்டும் சர்க்காருக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. பத்திரிகை அடித்து, மனுவோடு சப்ளை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தால், சர்க்கார் விலையில் மொத்தமாகச் சர்க்கரை எடுத்துக்கொள்ள பர்மிட் கொடுப்பார்கள். விடுவார்களா நம் ஆட்கள்? அந்த வருஷங்களில் புதுச்சேரியில் நடந்த கல்யாணங்களைவிட அச்சடித்த கல்யாணங்கள் அதிகம். டீக்கடைக்காரர் வீட்டில் ஒரு கல்யாணம், சோடாக்காரர் வீட்டில் ஒரு கல்யாணம். பிள்ளையே இல்லாத ஒருவர் வீட்டில்கூட ஒரு கல்யாணம் அச்சானதாகப் பேச்சு.

கமலவேணியின் அப்பா இராமதாஸ், முதலியார்பேட்டையில் மில்லுக்குப் போகிற ரோட்டோரம் மிட்டாய்க்கடை வைத்திருந்தார். அவரே முன்பு அந்த வழியாக மில்லுக்குப் போனவர்தான். ஆள் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டார்கள். கையில் வந்ததைப் போட்டு ஒரு இரும்பு வாணலியும் பூந்திக் கரண்டியும் வாங்கினார். மில்லில் சம்பளம் போடுகிற நாளில் பழைய கூட்டாளிகள் எல்லாம் வீட்டுக்கு ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் கொடுக்கக்கூடிய விலைக்கு, வெளிக்கடைச் சர்க்கரை வாங்கி லட்டு பிடிக்க முடியாது. பிடித்தால் லட்டு கோலிக்குண்டு அளவுக்குத்தான் வரும்.

எழுபத்து நாலாம் வருஷம், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு தடவை" என்று இராமதாஸ் சொன்னார். "ஊரே செய்யுது. நம்ம கமலா பேர்ல ஒரு பத்திரிகை அடிச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

அம்மா செல்வாம்பாள் சாமிக்குப் பயந்தவள். பொய்யாகக் கல்யாணம் என்று காகிதத்தில் எழுதினால், சாமி அதை நிஜமென்று வரவு வைத்துக்கொண்டு, நிஜக் கல்யாணம் வரும்போது 'இந்தப் பெண்ணுக்குத்தான் ஆகிவிட்டதே' என்று சொல்லிவிடும் என்று பயந்தாள். அதனால் நிபந்தனை போட்டாள். பத்திரிகையில் குலதெய்வம் பேர் வரக் கூடாது. மூலைக்கு மஞ்சள் தடவக் கூடாது. முகூர்த்த நாள் அஷ்டமியாகப் பார்த்துப் போட வேண்டும், அப்போதுதான் மேலே அது கணக்கில் சேராது.

அச்சாபீஸ் வைத்திருந்த கமருஸ்ஸமான், இராமதாசுக்குப் பழைய சிநேகிதர். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "யண்ணே, நான் துலுக்கன். எனக்கே தெரியுது அஷ்டமியில எவனும் தாலி கட்ட மாட்டான்னு. ஆபீஸ்ல ஐயருங்க ஒக்காந்திருக்காங்க, நாளப் பாத்த ஒடனே புடிச்சிடுவாங்க. நல்ல நாளா சொல்லு."

நல்ல நாளாகவே போட்டார்கள். மாப்பிள்ளைக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. சும்மா ஒரு பேரைப் போட முடியாது, இன்ஸ்பெக்டர் விசாரிக்கப் போவார். பலராமன் என்று ஒரு பையன், அரியாங்குப்பத்திலிருந்து தட்டாஞ்சாவடிப் பட்டறைக்கு தினம் சைக்கிளில் அந்த வழியாகப் போவான். லேத் வேலை. சாயந்திரம் திரும்பும்போது கடையில் நின்று காராபூந்தி வாங்குவான். அவன் அம்மா வீராயி கருவாடு விற்கிறவள், இராமதாசுக்கு ஏதோ ஒரு வழியில் தூரத்து உறவு. இராமதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டபோது பலராமன் சிரித்துவிட்டான்.

"பேருதானே மாமா? வச்சிக்கிங்க. தேய்ஞ்சா போவுது?"

மனுவைக் கமலவேணிதான் எழுதினாள். தன் பேருக்குப் பக்கத்தில் அவன் பேரை எழுதும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் அதை நினைத்து அவளே ஆச்சரியப்பட்டாள்.

பத்திரிகையில் போட்ட நாள் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் இரண்டு வாழை மரம் கட்டியிருந்தார்கள். வீராயியும் சம்பந்தியாக நடிப்பதற்கென்று அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு காலையிலேயே வந்து உட்கார்ந்து, செல்வாம்பாளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து வாழை மரத்தை அவிழ்க்கப்போகிற சமயத்தில், தெருமுனையில் சப்ளை இன்ஸ்பெக்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பலராமனோ பட்டறைக்குப் போகிற வழியில், எண்ணெய்க் கறை பிடித்த காக்கி அரைக்கால் சட்டையோடு கடையில் நின்றுகொண்டிருந்தான். இராமதாஸ் அவனைப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய், தன் வேட்டியையே அவிழ்த்துக் கட்டிவிட்டு, தான் ஒரு துண்டோடு நின்றார். மாலை ஒன்றுதான் வாங்கி வைத்திருந்தது. இன்னொன்றை முருகன் படத்திலிருந்து கழற்றினார்கள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது மணையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். "தாலி கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"இப்பத்தாங்க. விடியக்காலை முகூர்த்தம்" என்றாள் செல்வாம்பாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முருகன் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர் நல்ல மனுஷர். சந்தேகப்பட்டு வந்தவர், மணையில் இருந்த இரண்டு பேரையும் பார்த்ததும் இளகிவிட்டார். தாம்பாளத்திலிருந்து அரிசியை அள்ளி இரண்டு தலையிலும் போட்டு, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்றார். பலராமன் கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டான். முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல், "பயப்படாத. நான் இருக்கேன்" என்றான்.

இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீராயி தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். கமலவேணியும் சிரித்தாள். ஆனால் அவள் கையை அவன் விடவில்லை, அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு பிடியில் அவள் விழுந்தாள், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சர்க்கரை வந்தது, லட்டு பிடித்தார்கள், தீபாவளி போயிற்று. பலராமன் தினமும் காராபூந்தி வாங்கினான். மனுஷன் ஒருவன் அவ்வளவு காராபூந்தி தின்ன முடியாது. வீராயிக்கு விஷயம் தெரிந்தபோது கோபித்துக்கொள்ளவில்லை. "மணையில ஒக்காந்தப்பவே நான் பாத்தேன். ஜோடி நல்லாத்தான் இருந்துச்சி" என்று சொல்லி, கருவாட்டுக் கூடையைக் கடைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து கமலவேணியின் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். பேசி முடித்துவிட வேண்டியதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. கமலவேணிக்கும் பலராமனுக்கும் சர்க்கார் ஏட்டில் ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. அதே பெண்ணும் அதே மாப்பிள்ளையும் மறுபடி ஊரைக் கூட்டித் தாலி கட்டினால், முதலில் நடந்தது பொய் என்று நாமே தமுக்கடித்த மாதிரி ஆகும். தெருவில் எவனாவது ஒருவன் மொட்டைப் பெட்டிஷன் போட்டால் போதும். அந்த நேரம் பார்த்து எமர்ஜென்சியும் வந்தது. எல்லாக் கடையிலும் சரக்கும் விலையும் எழுதிய போர்டு தொங்க வேண்டும் என்றார்கள். பெரிய மார்க்கெட்டில் சர்க்கரை பதுக்கியதாக ஒரு வியாபாரியை வேனில் ஏற்றிக்கொண்டு போனதை இராமதாஸ் நேரில் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

"கண்ட்ரோல் எடுக்கட்டும்" என்றார். "எடுத்துட்டா அஸ்கா சர்க்கரைக்கு பர்மிட்டும் கெடையாது, கேள்வியும் கெடையாது. அப்ப ஊரே மெச்ச செய்யலாம்."

"எடுத்துடுவாங்க மாமா, எத்தன நாளைக்கித்தான் வச்சிருப்பாங்க?" என்றான் பலராமன். அவனுக்கு அப்போது அவசரம் இல்லை. அவள் இருந்தாள், கடை இருந்தது, தினம் அந்த வழிதான் வேலைக்கும் போக வேண்டியிருந்தது.

சர்க்காருக்கும் அவசரம் இல்லை. கண்ட்ரோலைப் போடும்போது ஒரே நாளில் போட்டவர்கள், எடுக்கும்போது ஒவ்வொரு நூலாகப் பிரித்தார்கள். இந்தச் சாமானுக்கு எடுத்தார்கள், அந்தச் சாமானுக்குத் தளர்த்தினார்கள். சர்க்கரை மட்டும் 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று பேப்பரில் வந்துகொண்டே இருந்தது. கமலவேணி தினமும் எதிர்த்த டீக்கடைப் பேப்பரை வாங்கி அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்ப்பாள். சினிமா விளம்பரம் பார்க்கிற வயசில் அவள் கரும்பு விலையும் ஆலை உற்பத்தியும் படித்தாள்.

எமர்ஜென்சி போய், எலெக்ஷன் முடிந்து, புதிய சர்க்கார் வந்தது. வீராயி பொறுமை இழந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாலிபப் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஊருக்குப் பதில் சொல்வாள்? "கண்ட்ரோல் இருந்தா இருக்கட்டும், இல்லாட்டிப் போவட்டும். வர்ற தையில தாலி கட்டியே ஆவணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இராமதாசும் சரியென்றார். எமர்ஜென்சிதான் போய்விட்டதே, சின்னதாகக் கோயிலில் வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்திருந்தது. கமலவேணி அன்று வாணலியில் பாகைத் தீய்த்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆனால் பெண்ணைச் சும்மா அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. காதுக்கும் கழுத்துக்கும் ஏதாவது போட வேண்டும், ஒரு பீரோவாவது வாங்கித் தர வேண்டும். அதற்கு நல்ல தீபாவளி ஒன்று வேண்டும். நல்ல தீபாவளிக்குச் சர்க்கரை வேண்டும். மறுபடியும் அந்தப் பழைய யோசனை அவருக்கு வந்தது. பலராமன் பேரைத் திரும்பப் போட முடியாது. வைத்திக்குப்பத்தில் மீனுக்கு ஐஸ் இழுக்கிற சின்னக்கண்ணு என்ற ஒருவனைப் பிடித்தார். ஒரு டப்பா மைசூர்பாகுக்கும் ஒரு குவார்ட்டர் சாராயத்துக்கும் அவன் மாப்பிள்ளையாக இருக்கச் சம்மதித்தான். விலாசம் அவனுடையது என்பதால் மனு வேறு இன்ஸ்பெக்டரிடம் போகும்.

கமலவேணி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதலாம்பா."

"சொன்னா அவன் ஒத்துக்க மாட்டான், கமலா. இன்னும் ரெண்டு மாசத்துல தை. அப்பறம் யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் எழுதினாள். அப்பா கெஞ்சியதற்காக மட்டும் எழுதினாள் என்று சொல்ல முடியாது. தை சீக்கிரம் வர வேண்டும், அதற்கு நடுவில் எந்தத் தடங்கலும் வரக் கூடாது, அதற்கு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவளுக்கு இருந்தது. கமலவேணி, சின்னக்கண்ணு என்று தன் முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பலராமனிடம் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அந்தச் சொல்லாமல் விட்டதுதான்.

அந்தத் தீபாவளி போல் வியாபாரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தோடு வாங்கினார்கள். பீரோவுக்குச் சொல்லிவைத்தார்கள். கார்த்திகை பிறந்தது.

கருவாடு எடுக்க வீராயி வைத்திக்குப்பத்துக்குத்தான் போவாள். ஒருநாள் காலையில் கடற்கரையில் ஐஸ் வண்டிக்காரர்கள் சின்னக்கண்ணுவைச் சூழ்ந்துகொண்டு, "இன்னாடா புதுமாப்ள, பொண்டாட்டிய மாமனார் வீட்லயே வுட்டுட்ட?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். சாராயத்தில் இருந்த அவன், "சர்க்கார் பேப்பர்லயே போட்டுக்குதுடா, முதலியார்பேட்ட மிட்டாய்க்கடைக்காரர் பொண்ணு கமலவேணி என் பொண்டாட்டி" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டான். வீராயி கூடையை எடுக்கவில்லை. மணலில் அப்படியே வைத்துவிட்டு, முதலியார்பேட்டை வரை வெறுங்கையோடு நடந்து வந்தாள்.

கடைக்கு முன்னால் நின்று அவள் கத்தியதை மில்லுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். "இன்னாய்யா இராமதாசு, ஒம் பொண்ணுக்கு எத்தன புருஷன்? எம் புள்ள ஒருத்தன், ஐஸ்காரன் ஒருத்தன், இன்னும் எவன் எவன் பேர்ல அஸ்கா வாங்கித் தின்ன? எம் புள்ளயும் ஒனக்கு ஒரு பர்மிட்டுதானா?"

"அண்ணி, சத்தியமா அது பேப்பர்ல மட்டுந்தான்" என்று செல்வாம்பாள் அவள் கையைப் பிடித்தாள்.

"எம் புள்ளைக்கும் பேப்பர்லதானே இருந்துச்சி? அதுல நெசம், இதுல பொய்யா? குடிகாரன் வாயில கடற்கரை பூரா அவ பேரு நாறுது. அவள நான் எப்படி எம் வூட்டுக்குக் கூட்டிகினு போவேன்?"

சாயந்திரம் பலராமன் வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு நின்றான். "பேப்பருக்காக எனக்குக் கோவம் இல்ல கமலா" என்றான். "எங்கிட்ட ஏன் சொல்லல?" அவளுக்கு அழக்கூட வரவில்லை. அவனே சொன்னான். "செரி, வுடு. ஞாயித்துக்கெழம அரியாங்குப்பம் வா. எங்க தெருவுல நாலு பெரியவங்கள வச்சி, அந்தக் கல்யாணம் பொய், சர்க்கரைக்காக எழுதுனதுன்னு ஒன் வாயால சொல்லு. எங்கம்மா அடங்கிடும். தையில வச்சிக்கலாம்."

அவள் போயிருப்பாள். ஓடியே போயிருப்பாள். ஆனால் கடை வாசலில் நடந்த கூத்து சும்மா போகுமா? எவனோ ஒருவன் பெட்டிஷன் போட்டுவிட்டான். ஞாயிறு வருவதற்குள் சப்ளை ஆபீசிலிருந்து இராமதாசுக்கு நோட்டீஸ் வந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் கொண்டுவர வேண்டும், கல்யாணம் பொய்யென்று தெரிந்தால் கேஸ் எடுக்கப்படும் என்று இருந்தது. சின்னக்கண்ணு கடலூர்ப் பக்கம் ஓடிவிட்டான். இராமதாஸ் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து நாள் வாங்கினார். நிஜமாகவே அவருக்கு உடம்பு சரியில்லை. பூந்திக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அப்பா 'போகாதே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். நாலு பெரியவர்கள் முன்னால் 'அது பொய்' என்று அவள் சொன்னால், அந்த நாலு பேரில் ஒருத்தர் வாய் போதும், அவரை உள்ளே தள்ள. அவள் ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பம் போகவில்லை.

"இன்னும் கொஞ்ச நாளு மாமா" என்று அவனிடம் சொன்னாள். "கண்ட்ரோல எடுக்கப் போறாங்களாம். பேப்பர்ல போட்டிருக்குது. எடுத்துட்டா கேசே நிக்காது."

"மூணு வருஷமா இதத்தான் சொல்ற" என்றான் அவன். ஆனாலும் காத்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனி போயிற்று. வீராயி சாப்பிடாமல் கிடந்தாள். அஞ்சலாட்சி என்று பக்கத்துத் தெருப் பெண்ணைப் பேசி முடித்தாள். சித்திரையில் ஒருநாள் அவன் மத்தியான வெயிலில் பட்டறையிலிருந்து பாதி வேலையில் வந்து நின்றான். நகரசபைக் கட்டடத்தை எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரில் இன்றைக்கும் மேரி என்றுதான் சொல்வது வழக்கம், கல்யாணப் பதிவும் அங்கேதான்.

"மேரியில போயி எழுதிக்கலாம். இப்பவே வா. யாருக்கும் பத்திரிகை வேணாம், சர்க்கரை வேணாம்" என்றான்.

"எழுதுனா அப்பாவ உள்ள வச்சிடுவாங்க மாமா."

"நான் வேணாமா ஒனக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். வேண்டும், நீதான் வேண்டும், வேறு எதுவுமே வேண்டாம் என்று அவள் உடம்பெல்லாம் கத்தியது. உள்ளே அப்பா இருமினார். "இன்னும் கொஞ்ச நாளு" என்றுதான் வந்தது. பலராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சைக்கிளைத் திருப்பினான். அடுத்த நாளிலிருந்து வேறு ரோடு வழியாகப் பட்டறைக்குப் போனான், அது சுற்று வழி.

ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் அவனுக்கும் அஞ்சலாட்சிக்கும் கல்யாணம். பத்திரிகை அடித்தது கமருஸ்ஸமான்தான். வேறு யார் அடிப்பார்கள்? அவர்தான் வந்து சொன்னார், சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். "சர்க்கரை பர்மிட் கெடைக்கலியாம் கமலா. ஆபீஸ்ல பேரப் பாத்துட்டு, பலராமனுக்கு எழுபத்து நாலுலயே கல்யாணம் ஆயிடுச்சி, முதலியார்பேட்டப் பொண்ணு கமலவேணின்னு பதிவு இருக்குதேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். வெல்லத்துலதான் பாயசம் வச்சாங்களாம்."

கமலவேணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பல மாசத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. சர்க்காருக்காவது தெரிந்திருக்கிறதே, அவன் யார் புருஷன் என்று. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவள் அழுத சத்தம் கேட்காமல் இருப்பதற்காகச் செல்வாம்பாள் வெளியே இரண்டு பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறக்கப்போகிற நேரம். டீக்கடை ரேடியோவில் மாநிலச் செய்தி ஓடியது. சர்க்கரைக்குக் கண்ட்ரோல் முழுவதும் எடுத்தாயிற்று, இனி இரண்டு விலை இல்லை, யாரும் எங்கும் வாங்கலாம், விற்கலாம். கமலவேணி கையில் மாவோடு அதைக் கேட்டாள். எத்தனை வருஷம் அந்த ஒரு செய்திக்காகப் பேப்பரைப் புரட்டியிருப்பாள்! ஆனிக்கும் ஆவணிக்கும் நடுவில் ஒரே ஓர் ஆடிதான் இருந்தது. அது முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று அவள் யாரைப் போய்க் கேட்பாள்?

சர்க்கரை விலை விழுந்தது. மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கியது. நேரு வீதியில் பிளாட்பாரத்தில் குவித்துவைத்துக் கூவிக் கூவி விற்றார்கள். இராமதாஸ் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வந்து கடையில் இறக்கினார். வாயை அவிழ்த்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். "இதுக்காடி?" என்றார். பிறகு மூட்டையின்மேலேயே தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கமலவேணி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவரை வெறுத்துவிடலாம் என்று அவள் எத்தனையோ நாள் முயற்சி செய்திருக்கிறாள், முடியவில்லை.

அவருக்குக் கேஸ் பயம் மட்டும் போகவில்லை. காக்கிச் சட்டை தெருவில் தெரிந்தாலே உள்ளே போய்விடுவார். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கினார். கொஞ்சம் நரைத்திருந்தது. முதல் கல்யாணத்துக்கு அரிசி போட்ட அதே இன்ஸ்பெக்டர்தான். நடுவில் காரைக்காலுக்கு மாற்றியிருந்தார்கள், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார்.

"இன்னா இராமதாசு, மறந்துட்டீங்களா? ரெண்டு கிலோ லட்டு போடுங்க" என்றார்.

இராமதாஸ் கையைக் கூப்பிக்கொண்டு வெளியே வந்தார். நோட்டீஸ், நாள் வாங்கியது, சின்னக்கண்ணு ஓடியது எல்லாவற்றையும் அழாக்குறையாகச் சொன்னார். கேஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கெஞ்சினார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, மனசாரச் சிரித்தார். "கண்ட்ரோலே போயிடுச்சி, அப்பறம் ஏதுய்யா கேஸ்? எங்க செக்‌ஷனயே எடுத்துட்டாங்க. அந்தக் கட்டெல்லாம் மூலையில கெடக்குது, எலிதான் படிக்குது. கண்ட்ரோல் இருந்தப்பக்கூட யாரும் ஒன்னும் பண்ணியிருக்க மாட்டாங்க. நோட்டீஸ் வுடுவோம், அதோட செரி. ஊர்ல பாதிப் பத்திரிகை பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதா? எல்லாரையும் புடிச்சா வைக்கிறதுக்கு ஜெயில் ஏது? இதுக்குப் போயி ஒடம்ப கெடுத்துக்கினீங்களே."

இராமதாஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கமலவேணி லட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. மறுபடியும் அடுக்கினாள்.

"ஆனா ஒங்க வூட்டுக் கல்யாணம் பொய்யின்னு எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர், அவளைப் பார்த்துத் திரும்பி. "எங் கண்ணால பாத்தேனே. சந்தேகப்பட்டுத்தான் வந்தேன். அந்தப் புள்ள ஒன் கையப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தத பாத்ததும் செரின்னு கெளம்பிட்டேன். பலராமன்தானே? நல்லா இருக்காராம்மா ஒங்க வீட்டுக்காரரு?"

இராமதாஸ் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார்.

"நல்லா இருக்காரு சார்" என்றாள் கமலவேணி. பெட்டியை மூடி நூல் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அந்தப் பட்டறையிலதான் இன்னும்?"

"ஆமா சார். தட்டாஞ்சாவடியில."

"கொழந்தைங்க?"

"இன்னும் இல்ல சார்."

"ஆவும், ஆவும். நல்லா இருங்க." அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, பெண்ணைப் பெற்ற அப்பன் மாதிரி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

தெருமுனையில் அவர் திரும்புகிற வரைக்கும் அப்பாவும் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா அவருகிட்ட அப்படிச் சொன்ன?" என்று கேட்டார் இராமதாஸ்.

"வேற இன்னாப்பா சொல்லட்டும்?" என்றாள். "நான் மாமா பொண்டாட்டின்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவருதானே. அவருகிட்டயும் இல்லன்னு சொல்லவா?"

சொல்லிவிட்டு, அடுத்த ஈடு பூந்திக்கு எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.